வீட்டுக்குள் வளரும் பூனைக்கு வேட்டை: மலைவாழ் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் வாசற்கதவு திறப்பதில்லை. உதகைப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை அதையே செய்கிறது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி வந்துவிடுகிறது. ஆகவே மலையில் வாழும் குடும்பம் ஆண்டின் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே கழிக்கப் பழகிவிடுகிறது. அந்த வீட்டில் ஒரு பூனை இருந்தால் அதுவும் நம்மோடு அடைபட்டுக் கிடக்கிறது. நாள் முழுவதும் நாம் வீட்டில்தானே இருக்கிறோம், பூனைக்கு என்ன குறை என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கணினியின் முன்னும் அடுப்படியிலும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர், பூனைக்கு அருகில் படுத்துக்கொள்ள உதவும் துணையாக மட்டுமே இருக்கிறார். பூனையின் பொழுது போவதற்கு வேட்டை வேண்டும். அந்த வேட்டையை வீட்டுக்குள் நாமே உண்டாக்கித் தர வேண்டும்.

பூனையை வெளியே விட்டால் போகிறது என்று சொல்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் தெருவில் சிறுத்தை நடமாட்டம் புதிதன்று. இரவில் நாயையும் பூனையையும் அது தூக்கிச் செல்வதை மலையில் வாழ்பவர்கள் அறிவார்கள். எங்கள் முதல் பூனையான வெள்ளையன், ஒரு கார்த்திகை மாத அந்தியில் கொல்லைப்புறம் சென்றவன், திரும்பி வரவே இல்லை. மறுநாள் காலை கேரட் பாத்தியின் ஈர மண்ணில் பதிந்திருந்த கால்தடத்தைப் பார்த்த பிறகு தேடுவதை நிறுத்திக்கொண்டோம். இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. வெளியே திரியும் பூனை பறவைகளைக் கொல்கிறது. நீலகிரிச் சிரிப்பானைப் போல இம்மலைப்பகுதியைத் தவிர வேறெங்கும் வாழாத பறவைகள் நம் வேலியோரப் புதர்களில்தான் கூடு கட்டுகின்றன. பொன்னி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளை வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது என்று முடிவு செய்ததற்கு இவ்விரண்டுமே காரணங்கள்.

முடிவு செய்வது எளிதாக இருந்தது. ஆறு மாதக் குட்டியாக இருந்த பொன்னி, முதல் மழைக்காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்குப் படுக்கையறைக் கதவைப் பிறாண்டினாள், நடந்து செல்பவர்களின் கணுக்காலைப் பாய்ந்து கடித்தாள், திரைச்சீலையில் தொங்கினாள். பிறகு சில வாரங்கள் எதையும் செய்யாமல் சுருண்டு கிடந்தாள். அந்தச் சோர்வு எனக்கு அதிக வருத்தத்தைத் தந்தது. குறும்பு செய்யும் பூனை தனக்கு வேண்டியதைக் கேட்கிறது. கேட்டு ஓய்ந்துபோன பூனை உண்பதும் உறங்குவதுமாகப் பருத்துவிடுகிறது. கீழே சொல்லப்படுபவை அதன்பின் வந்த ஐந்து மழைக்காலங்களில் நாங்கள் செய்து பார்த்தவை.

வேட்டையின் ஒழுங்கு

பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் வரை உறங்கும். எஞ்சிய நேரத்தில் விடியலும் அந்தியுமே அதன் உடல் முறுக்கேறும் பொழுதுகள். தானே இரை தேடி வாழும் பூனை ஒரே வேளையில் வயிறு நிறைய உண்பதில்லை. எலி, ஓணான், வெட்டுக்கிளி என்று சிறு சிறு இரைகளாக நாளொன்றுக்குப் பல முறை உண்கிறது. ஒவ்வோர் இரைக்கும் பல தடவை முயன்று தோற்கிறது. உற்றுப் பார்த்தல், பதுங்கிச் செல்லல், பாய்தல், பிடித்துக் கடித்தல், தின்னுதல், பிறகு உடலை நக்கித் துடைத்துக்கொண்டு உறங்குதல் என்ற வரிசை அதன் இரத்தத்தில் ஊறியது. வட்டிலில் உணவைக் கொட்டி வைக்கும்போது நாம் இந்த வரிசையில் கடைசி இரண்டை மட்டும் கொடுத்துவிட்டு முந்தைய நான்கையும் எடுத்துக்கொள்கிறோம். கணுக்காலைக் கடிக்கும் பூனை அந்த நான்கையும் எங்கேயாவது தேடிக்கொள்கிறது.

ஆகவே நாளுக்கு இரண்டு முறையாவது இந்த வரிசையை முழுமையாக நடத்திக் காட்ட வேண்டும். இதற்குக் கடையில் வாங்கிய பொருள் எதுவும் தேவையில்லை. இரண்டடி நீளமுள்ள மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து, அதன் நுனியில் மூன்றடிப் பருத்திக் கயிற்றைக் கட்டி, கயிற்றின் முனையில் ஒரு கோழியிறகையோ பழைய தோல்வாரின் துண்டையோ முடிச்சிட்ட சாக்குத் துணியையோ பிணைத்துவிட்டால் போதும். எங்கள் வீட்டில் இதைத் தூண்டில் என்கிறோம்.

தூண்டிலை ஆட்டும் முறையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். பூனையின் முகத்துக்கு நேரே இறகைக் கொண்டுபோய் அசைப்பார்கள். பூனை சலிப்புடன் ஒருமுறை தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எந்த எலியும் பூனையின் வாயை நோக்கி ஓடி வருவதில்லை. அதோடு, ஏறக்குறைய ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும் பொருளைப் பூனையின் கண்ணால் தெளிவாகப் பார்க்கவும் முடியாது. இரை பூனையிடமிருந்து விலகிச் செல்ல வேண்டும். சுவரோரமாக ஊர்ந்து, நாற்காலியின் கால் மறைவில் நின்று, கம்பளத்தின் விளிம்புக்குள் பாதி புகுந்து, அங்கே அசையாமல் காத்திருக்க வேண்டும். பொறுமையற்றவர்கள் இந்தக் காத்திருத்தலைத்தான் விட்டுவிடுகிறார்கள். கயிறு அசையாமல் கிடக்கும் அந்த அரை நிமிடத்தில் பூனையின் கண்மணி விரிவதையும், பின்னங்கால்கள் மாறி மாறி அசைவதையும், வால் நுனி துடிப்பதையும் பாருங்கள். அப்போது இறகை ஒரு விரற்கடை மட்டும் நகர்த்துங்கள். பாய்ச்சல் வரும்.

பாய்ந்து பிடித்ததைச் சிறிது நேரம் அது வைத்துக்கொள்ளட்டும். வாயில் கவ்வி, பின்னங்காலால் உதைத்து, தன் மூலைக்கு இழுத்துச் செல்லவும் விடுங்கள். பிறகு அது பிடியைத் தளர்த்தும்போது இரை மீண்டும் தப்பியோடலாம். ஒவ்வொரு முறையும் கைக்கெட்டாமல் பறித்துக்கொண்டே இருந்தால் பூனைக்கு எரிச்சல் ஏறுமே தவிர மனம் நிறையாது. பத்துப் பதினைந்து நிமிடங்கள் இப்படி விளையாடிய பின், கடைசிப் பாய்ச்சல்களில் இரையின் வேகத்தைக் குறைத்து, தளர்ந்த எலியைப் போல் அதை அடங்கவிட்டு, உடனே உணவை வைத்துவிட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் தவறாமல் செய்தாலே விடியற்காலைத் தொல்லை பெரிதும் குறையும். நாங்கள் இரவு ஒன்பதரை மணிக்குத் தூண்டிலை எடுக்கிறோம். பத்து மணிக்குப் பொன்னி உண்டு, முகம் துடைத்து, கம்பளிக்குள் புகுந்துவிடுகிறாள். இந்த மாற்றம் வருவதற்கு எங்களுக்கு மூன்று வாரங்கள் ஆயின. அதற்கு நடுவில் விடியற்காலையில் பூனை கத்தியதும் எழுந்து உணவு வைத்தால், கத்தினால் உணவு கிடைக்கும் என்பதையே அது கற்றுக்கொள்ளும் என்பதால், அந்த மூன்று வாரங்களும் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தோம்.

ஒவ்வொரு பூனைக்கும் ஒரு விருப்ப இரை உண்டு. சில பூனைகள் தரையில் ஓடுவதை மட்டுமே துரத்தும். சிலவற்றுக்குக் காற்றில் பறக்க வேண்டும். பொன்னிக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி கேட்பதில்லை. பூனைக்கு 60,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கிறது. எலிகள் தமக்குள் எழுப்பும் கீச்சொலிகள் பலவும் அந்த எல்லைக்குள் அடங்குபவை. செய்தித்தாளின் அடியில் ஈர்க்குச்சியின் நுனியை விட்டு மெல்லச் சுரண்டினால், அடுத்த அறையில் உறங்கும் பொன்னி எழுந்து வருகிறாள். நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சிவப்பைப் பூனை நம்மைப் போலப் பிரித்தறிவதில்லை. அசைவும் ஓசையும் தொடுகையுமே அதற்குப் பொருட்டு.

சுவரில் சிவப்புப் புள்ளியை ஓடவிடும் லேசர் விளக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் துரத்தல் உண்டு, பிடித்தல் இல்லை. அப்படிப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு, கடைசியில் அந்தப் புள்ளியை ஒரு துணிப்பொம்மையின் மேலோ உணவின் மேலோ கொண்டுபோய் நிறுத்துங்கள். வெறும் கையை இரையாக்கி விளையாடுவதைக் குட்டிப் பருவத்திலேயே தவிர்க்க வேண்டும். குட்டியின் பல் வலிக்காது என்று கையைக் கொடுத்துப் பழக்கிவிட்டு, ஓராண்டு கழித்து அதையே கடிக்கிறது என்று அடிப்பது பூனைக்குச் செய்யும் அநீதி.

விளையாட்டுப் பொருள்கள் அனைத்தையும் எந்நேரமும் தரையில் பரப்பி வைக்காதீர்கள். இரண்டு மூன்று மட்டும் வெளியே இருக்கட்டும். மற்றவை ஒரு துணிப்பையில் கட்டி அலமாரியில் இருக்கட்டும். நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால் பழையதும் புதிதாகிவிடும்.

உணவை ஒளித்து வைத்தல்

நாம் சமையல், அலுவலகக் கூட்டம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று இருக்கும் நேரத்தில் பூனை தானாகவே செய்துகொள்ளக்கூடிய வேட்டை இதுதான். நாளின் உணவில் மூன்றில் ஒரு பங்கு உலர் உணவைத் தனியே எடுத்து வைத்து, அதை வட்டிலில் போடாமல் தேடி எடுக்கும்படி வையுங்கள். கூடுதலாகப் போடக் கூடாது; அன்றைய அளவிலிருந்தே எடுக்க வேண்டும். ஓடியாட இடமில்லாத பூனை விரைவில் பருத்துவிடும்.

முட்டை விற்கும் காகிதக்கூழ்த் தட்டு இதற்கு மிகவும் ஏற்றது. குழிகளில் இரண்டிரண்டு மணிகளாகப் போட்டு, முதலில் அப்படியே கொடுங்கள். ஓரிரு நாட்களில் பழகியதும் சில குழிகளின் மேல் கசக்கிய காகித உருண்டையை வையுங்கள். பிறகு எல்லாக் குழிகளையும் மூடுங்கள், சில குழிகளை வெறுமையாக விடுங்கள். பொன்னி இப்போது ஒவ்வோர் உருண்டையாக நகத்தால் கொக்கியிட்டு எடுத்து எறிந்துவிட்டுத் தின்கிறாள். முப்பது குழித் தட்டுக்கு அவளுக்கு இருபது நிமிடங்கள் ஆகின்றன. கட்டை விரல் அகலத்துக்குத் துளைகளிட்ட அட்டைப் பெட்டி, இரு முனைகளும் மடித்த அட்டைக் குழல், பழைய பருத்தித் துணியின் மடிப்புகள் என்று இவற்றை நாளுக்கொன்றாக மாற்றலாம். வீட்டின் பல இடங்களில், குறிப்பாக உயரமான இடங்களில், சிறு சிறு கிண்ணங்களில் நான்கைந்து மணிகளை வைத்துவிட்டால் பூனை ரோந்து சுற்றத் தொடங்கும். மாமியார் வீட்டிலிருந்து வந்த கருவாட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் உப்பு பூனைக்கு ஆகாது. உப்பிடாமல் வேகவைத்து உதிர்த்த கோழிக்கறியோ மீனோ நல்லது.

தேடி எடுக்கத் தெரியாத பூனையைப் பட்டினி போட்டுக் கற்பிக்கக் கூடாது. பூனையின் ஈரல் பட்டினியைத் தாங்காது. இரண்டு மூன்று நாட்கள் உண்ணாமல் கிடந்தால், அதுவும் பருத்த பூனையானால், ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே எளிதிலிருந்து கடினத்துக்கு மெல்லச் செல்லுங்கள். தோற்றுத் திரும்பும் நாளில் வட்டிலிலேயே வைத்துவிடுங்கள்.

உயரமும் ஜன்னலும்

பூனைக்கு வீட்டின் பரப்பு தரையளவில் முடிவதில்லை. நமக்குப் பயன்படாத சுவரின் மேற்பாதி முழுவதும் அதற்கு நடைபாதையாகும். பழைய மலைவீடுகளில் பரண் இருக்கும். அதற்குச் செல்ல ஒரு வழி மட்டும் அமைத்துக் கொடுத்தால் போதும். முக்கால் அடிக்குக் குறையாத அகலமுள்ள பலகைகளை ஒன்றரை அடி இடைவெளியில் படிபோல மாற்றி மாற்றிச் சுவரில் பொருத்தி, வழுக்காமலிருக்க மேலே சாக்குத் துணியை ஒட்டிவிடலாம். எங்களிடம் பாட்டன் காலத்துத் தேயிலைப் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒட்டுப்பலகையால் செய்து தகர விளிம்பு அடித்த அப்பெட்டிகளின் தகரத்தையும் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளையும் களைந்து, உட்புறத்து ஈயத்தாளை உரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சுவரோடு இறுக்கினோம். மேல்பெட்டி பொன்னியின் கோட்டையாகிவிட்டது. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அவள் அங்கிருந்தே அவர்களை நோட்டமிடுகிறாள். பயப்படும் பூனைக்கு உயரமான மறைவிடம் ஒன்று இருப்பது எந்த விளையாட்டுப் பொருளைவிடவும் பெரிய ஆறுதல்.

நகம் கீறுவதற்கான தூணையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது பூனைக்கு உடற்பயிற்சி, நகப் பராமரிப்பு, தன் இடம் என்று வாசனையால் எழுதி வைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தது. தடுக்க முடியாது, திசைதிருப்பலாம். பின்னங்காலில் நின்று முழுவுடலையும் நீட்டும் உயரம், அதாவது மூன்றடி, தூணுக்கு வேண்டும். ஆட்டம் காணும் தூணை ஒருமுறை தொட்டபின் பூனை மீண்டும் அணுகாது. கனமான பலகையில் அறைந்த கட்டையின் மேல் தேங்காய்நார்க் கயிற்றை இடைவெளியின்றிச் சுற்றி, இப்போது அது கீறிக்கொண்டிருக்கும் சோபாவின் பக்கத்திலேயே வையுங்கள்.

ஜன்னலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மதில்மேல் பூனை என்று நாம் சொல்வது தயக்கத்துக்கு உவமையாக. உண்மையில் மதில்மேல் அமர்ந்த பூனை உலகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. ஜன்னலோரத்தில் அகலமான ஒரு பலகையும் அதன்மேல் ஒரு பழைய சால்வையும் அந்த மதிலின் இடத்தை நிரப்பும். எங்கள் கிழக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு பூஞ்செடிப் புதர் இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கொண்டைக்குருவிகள் வரும், பிறகு வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வந்து இலைக்கு இலை தாவும், வெயில் ஏறியதும் தேன்சிட்டு வரும். பொன்னி பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் அங்கிருந்து அசையமாட்டாள். பறவைகளை ஈர்ப்பதற்காக அரிசியோ பழமோ வெளியே வைக்கும் எண்ணம் வந்தால் அதை விட்டுவிடுங்கள். மலையில் அது பறவைக்கு முன்பு குரங்கை வரவழைக்கும், இரவில் கரடியையும் வரவழைக்கக்கூடும். பூக்கும் செடியே போதும்.

ஜன்னல் திறந்திருக்க வேண்டுமானால் உறுதியான கம்பிவலை அவசியம். கொசுவலை போன்ற நைலான் வலையைப் பூனையே கிழித்துவிடும். குரங்குகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மரச்சட்டத்தில் இறுக்கிய இரும்பு வலையை, உள்ளிருந்து தாழிடும்படி பொருத்தச் சொல்லுங்கள். உள்ளேயே வளரும் பூனைக்கு எதற்கு வெறிநோய்த் தடுப்பூசி என்று கேட்பவர்கள் உண்டு. கதவு ஒருமுறை திறந்திருந்தால் போதும், வீட்டுக்குள் வௌவால் ஒன்று வந்துவிட்டால் போதும். 1907ஆம் ஆண்டில் தொடங்கி வெறிநோய்க்கு எதிராகப் பணியாற்றிவந்த பாஸ்டர் நிலையத்தைத் தன்னிடம் கொண்ட ஊரில் வாழும் நாம், இதில் அலட்சியம் காட்டலாகாது.

குளிரும் மூடுபனியும்

மூடுபனி இறங்கிய நாளில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் திரைதான் தெரியும், பறவையும் வராது. அந்நாட்களில் வெளியுலகத்தைச் சிறிது சிறிதாக உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கிறது. சந்தையிலிருந்து காய்கறி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வாசல்கள் வெட்டி, உள்ளே உலர்ந்த புல்லையோ வைக்கோலையோ ஒரு பிடி தூவி வையுங்கள். அதன் மணத்தை முகர்ந்து முடிப்பதற்கே பூனைக்கு அரைமணி நேரம் ஆகும். பூனைக்கு மூக்கு வழியாகவும் பொழுது போகும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

குப்பைமேனிச் செடிக்குப் பூனைவணங்கி என்ற பெயர் ஏன் வந்தது என்பதை ஊரிலிருந்து அத்தை ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தபோதுதான் கண்ணால் கண்டேன். அதன் வேரை முகர்ந்த பொன்னி தரையில் புரண்டு, கன்னத்தைத் தேய்த்து, வாய்நீர் ஒழுகக் கிடந்தாள். மேல்நாட்டார் பூனைகளுக்குக் கொடுக்கும் கேட்னிப் என்ற செடியும் இவ்வாறே செய்யும். பத்து நிமிடங்களில் மயக்கம் தெளிந்துவிடும், குட்டிகளிடமும் சில பெரிய பூனைகளிடமும் அது எந்த விளைவையும் காட்டாது. குப்பைமேனி வேரைத் தின்னக் கொடுக்காமல், கழுவித் துணியில் முடிந்து முகர மட்டும் கொடுத்து, மயக்கம் தெளிந்ததும் எடுத்துவிடுங்கள். கோதுமையை ஒரு மண்சட்டியில் விதைத்து வளர்த்த புல்லை மெல்ல விடலாம். சமவெளியில் ஒரு வாரத்தில் எழும்பும் புல்லுக்கு எங்கள் குளிரில் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன, எனவே இரண்டு சட்டிகளை முன்பின்னாக விதைத்துக்கொள்வோம்.

வெயில் வந்த நாளில் பூனையின் மெத்தையை வெயிலோடு நகர்த்துங்கள். காலையில் கிழக்கு அறை, மதியத்துக்குமேல் மேற்கு அறை. வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் படுக்கையின் ஒரு மூலையில் மட்டும் வைத்தால், சூடு மிகும்போது அது விலகிப் படுத்துக்கொள்ளும். அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டுவது மனிதர்களுக்கு எவ்வளவு ஆபத்தோ அதைவிட ஆபத்து சிற்றுயிருக்கு. தகரக் கூரையில் பெருமழை கொட்டும்போது சில பூனைகள் நடுங்கும். அப்போது விளையாட அழைக்காமல், அலமாரிக்குள்ளோ கட்டிலடியிலோ ஒளிந்துகொள்ள விட்டுவிடுவதே அன்பு.

மலைவீட்டில் ஒளிந்திருக்கும் ஆபத்துகள்

பொழுது போகாத பூனை எதையாவது மென்று பார்க்கும் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தூண்டில் கயிற்றை விளையாட்டு முடிந்ததும் கட்டாயம் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். ஸ்வெட்டர் பின்னும் வீடுகளில் கம்பளி நூலும், தைக்கும் வீடுகளில் ஊசி கோத்த நூலும், எல்லா வீடுகளிலும் ரப்பர் பட்டையும் கிடக்கும். பூனையின் நாக்கிலுள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. வாயில் போன நூலைத் துப்ப அதனால் இயலாது, விழுங்கத்தான் முடியும். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கிக் கிழித்துவிடும். வாயிலோ மலவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்காமல் மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

எங்கள் அம்மா ஒரு மழைநாளில், தும்மிக்கொண்டிருந்த பொன்னியின் நெஞ்சில் நீலகிரித் தைலத்தைத் தடவிவிட்டார். "பிள்ளைக்குத் தடவுற மாதிரி ஒரு சொட்டுத்தான் தடவினேன்" என்று அவர் கண்கலங்கச் சொன்னதை மறக்க முடியவில்லை. அதை நக்கிய பொன்னி வாய்நீர் வடிய, கால் தள்ளாடிச் சாய்ந்தாள். மென்மையான சோப்பால் கழுவித் துவட்டி மருத்துவரிடம் கொண்டு ஓடினோம். இரண்டு நாட்களில் தேறினாள். தைல வகைகளை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. யூகலிப்டஸ் தைலம், விண்டர்கிரீன் தைலம், அறையில் ஆவியாக விடும் வாசனை எண்ணெய்கள் ஆகிய எல்லாம் இம்மலையில் வீட்டுக்கு வீடு இருப்பவை, எல்லாம் பூனைக்கு நஞ்சு. கம்பளித் துணிகளுக்கிடையே போடும் பாச்சை உருண்டை உருட்டி விளையாடத் தோதாக இருப்பதால் இன்னும் மோசம். வீட்டில் செய்த சாக்லேட்டும், காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையும் இந்தப் பட்டியலில் சேரும். அந்த மாத்திரையில் ஒன்றே பூனையைக் கொல்லப் போதும்.

பூச்சாடியில் லில்லி வைக்காதீர்கள். அதன் இதழ், இலை, மகரந்தம், சாடியின் தண்ணீர் ஆகிய எதுவும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். நம் ஊர் ஓடைக்கரைகளில் வெள்ளைக் குழலாகப் பூக்கும் ஆரம் லில்லி வேறு குடும்பம். அது வாயையும் தொண்டையையும் எரியச் செய்யும். ஹைட்ராஞ்சியா, அசேலியா, ஊமத்தை இனத்துச் செடிகள் ஆகியவையும் வீட்டுக்கு வெளியே நிற்கட்டும்.

விளையாட மறுக்கும் பூனை

சில பூனைகள் எந்தத் தூண்டிலுக்கும் அசையா. வயதான பூனையாக இருந்தால் பாய்ச்சலை எதிர்பார்க்காமல், படுத்த இடத்திலேயே கையால் தட்டும்படி இரையை மெல்ல ஊர விடுங்கள்; கண்ணால் தொடர்ந்து பார்ப்பதும் அதற்கு விளையாட்டுத்தான். இளம் பூனை திடீரென்று விளையாட்டை நிறுத்தினால், ஒளிந்தே கிடந்தால், மணல் பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்தால், அதைச் சலிப்பென்று எண்ணிப் புதுப்பொருள் வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. பூனை நோயை மறைக்கும் விலங்கு. ஆண் பூனை மணல் பெட்டியில் முக்கிக்கொண்டே இருந்து சிறுநீர் வராமல் தவித்தால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவரிடம் செல்ல வேண்டும். காலை வரை காத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டால் போக வழியிருக்காது என்பதால், அருகிலுள்ள மருத்துவர் யார், அடுத்த ஊரில் யார் என்பதை மழைக்கு முன்பே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

துணைக்கு இன்னொரு பூனை வாங்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். என் கருத்தில், நம் கடமையை இன்னோர் உயிரிடம் ஒப்படைக்கும் எண்ணத்தோடு வாங்கக் கூடாது. சகோதரக் குட்டிகள் இரண்டைத் தொடக்கத்திலேயே சேர்த்து எடுத்தால் நன்று. வளர்ந்த பூனையிடம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால், தனியறையில் வைத்து, முதலில் வாசனை, பிறகு கதவிடுக்கு வழியே பார்வை, பிறகு சில நிமிடச் சந்திப்பு என்று வாரக்கணக்கில் பழக்க வேண்டியிருக்கும். மணல் பெட்டிகளும் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வேண்டும்.

கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ கோயம்புத்தூருக்கு இறங்க நேர்ந்தால் பொன்னியை இடம் மாற்றுவதில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, உணவின் அளவோடு விளையாட்டு நேரத்தையும் ஒரு தாளில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டிவிடுகிறோம். தூண்டில் எந்த அலமாரியில் இருக்கிறது, இரையை எந்தக் கம்பளத்தின் விளிம்பில் ஒளிக்க வேண்டும், பாய்வதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், முடிந்ததும் கயிற்றை மறக்காமல் எங்கே வைத்துப் பூட்ட வேண்டும் என்பவை அந்தத் தாளில் இருக்கின்றன.